நுழைகழி நாட்டில் ஒன்பது நாள்

ஒன்பது நாள் விடுமுறையில் ஸ்கண்டிநேவிய நாடுகளைப் பார்த்துவர இயலுமா என்று அன்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், தாமே எழுதிவைத்திருந்த பயணத்திட்டம் ஒன்றையும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கோப்பன்ஹேகனில் இரண்டு நாள், ஸ்டொக்ஹோமில் இரண்டு நாள், ஒஸ்லோவில் இரண்டு நாள், நுழைகழிக்கு ஒரு நாள், பேர்கனுக்கு ஒரு நாள், எஞ்சிய ஒரு நாள் ஹெல்சிங்கிக்கு என்று கட்டங் கட்டமாக அழகாக எழுதப்பட்டிருந்தது. அதனைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிறிது வருத்தமும் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்னர் நானும் என் மனைவியும் அந்நாடுகளுக்கு முதன்முறை சென்றபோது கையிற் கொண்டுபோனதும் ஏறத்தாழ இதே திட்டந்தான்.

அந்தப் பயணத்தில் நுழைகழிக்கு நாங்கள் ஒதுக்கியது ஒரே நாள். ஒஸ்லோவில் விடியுமுன் எழுந்து புகையிரதம் ஏறினோம். மலையில் இறங்கி வேறு வண்டி மாறினோம். நண்பகல் கடந்ததும் படகில் ஏறினோம். படகு புறப்பட்டபோதே மூடுபனி நீர்மட்டம் வரை இறங்கியிருந்தது. இரண்டு மணி நேரம் மேற்றளத்தில் நின்றோம். மலையும் தெரியவில்லை; அருவியும் தெரியவில்லை; எப்பக்கம் நோக்கினும் வெண்மை ஒன்றே தெரிந்தது. கரை சேர்ந்ததும் பஸ்வண்டி காத்து நின்றது. அதனை விட்டால் புகையிரதம் தவறும். அது தவறினால் பேர்கனில் முன்பணம் கட்டிய அறையும், மறுநாட் காலை ஸ்டொக்ஹோம் செல்லும் விமானமும் கைநழுவும். ஆகவே ஏறினோம்; போனோம். எந்தக் காட்சிக்காகப் பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட்டு அத்தனை தூரம் போனோமோ அதனை மட்டும் காணாது திரும்பினோம். நம்மிற் பலருக்கு இத்தகைய பயணம் வாழ்நாளில் ஒருமுறை வாய்ப்பதே அரிது. ஆதலின், அந்த அன்பருக்குச் சொன்னவற்றையே நேயர்களுக்கும் இன்று சொல்ல விரும்புகின்றேன்.

பயணத்தைத் தலைநகரங்களிலிருந்து திட்டமிடத் தொடங்கலாகாது, நுழைகழியிலிருந்தே தொடங்கவேண்டும். நுழைகழிக் கரையில் இரண்டு இரவுகளை முதலிற் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கிருந்து முன்னும் பின்னுமாக நாள்களை அடுக்குங்கள். அடுக்கும்போது இடம் போதாமல் ஏதேனும் ஒரு தலைநகரம் வெளியே விழுமானால், அது விழட்டும்.

ஏன் இத்துணை வற்புறுத்துகின்றேன் என்று தோன்றலாம். நல்ல நகரங்கள் உலகிற் பல உள. நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ளவை போன்ற நுழைகழிகளோ, அலாஸ்கா, சிலி, நியூசிலாந்து, கிறீன்லாந்து போன்ற சில இடங்களிலேயே உள்ளன. அவையும் நமக்கு எளிதில் எட்டும் இடங்களல்ல.

நுழைகழி என்பது என்ன? நோர்வேயர் பியோர்ட் என வழங்குவதை நம் புவியியல் நூலார் நுழைகழி என்பர். கடலின் நீண்ட கரமொன்று மலைகளுக்கு நடுவே நாட்டின் உட்புறம் நோக்கிப் பல கிலோமீற்றர் நுழைந்து கிடப்பதே அது. பழங்காலத்தில் அங்கே சாதாரண ஆற்றுப் பள்ளத்தாக்குகளே இருந்தன. பின்னர் பனியூழிகள் மாறி மாறி வந்தன. நாடு முழுவதையும் மூடிய பனிக்கட்டி, பள்ளத்தாக்குகளின் வழியே கடலை நோக்கி மெல்ல நகர்ந்தது. நகரும்போது தன் அடியிற் சிக்கிய கற்களையே அரமாகக் கொண்டு பாறையை அராவிற்று. நீர் அரித்த பள்ளம் கீழே குறுகி ஒடுங்கியிருக்கும். பனிக்கட்டி அராவிய பள்ளமோ, பக்கங்கள் சுவர்போல் நிமிர்ந்தும் அடி அகன்றும் தொட்டியைப் போலிருக்கும். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னர் பனிக்கட்டி உருகிப் பின்வாங்கியபோது, அத்தொட்டிகளிற் கடல் புகுந்தது.

இவற்றுள் நோர்வேயில் மிக நீண்டது சொக்னே நுழைகழி. அதன் நீளம் 200 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடியது. ஆழம் 1,300 மீற்றரைக் கடந்தது. இங்கே ஒரு விந்தை உண்டு. நாட்டின் உள்ளே அத்தனை ஆழமாயிருக்கும் அந்நுழைகழி, கடலோடு சேரும் வாயிலில் ஏறத்தாழ 100 மீற்றர் ஆழமே உடையது. கடலருகே வந்ததும் பனிக்கட்டி பரந்து மெலிந்து மிதக்கத் தலைப்பட்டமையால், நிலத்தை அராவும் வலிமையை இழந்தது. அதனால் வாயிலில் ஒரு வாசற்படி எஞ்சி நின்றுவிட்டது.

இன்னும் ஒன்றையும் கவனிக்கவேண்டும். பெரிய பள்ளத்தாக்கிற் சென்ற பனிக்கட்டி ஆழமாகத் தோண்டியது. பக்கத்துச் சிறு பள்ளத்தாக்குகளிலிருந்து வந்து கலந்த பனிக்கட்டி அவ்வளவு ஆழம் தோண்டவில்லை. ஆதலால், பனிக்கட்டி போனபின் அச்சிறு பள்ளத்தாக்குகள் பெருஞ்சுவரின் நடுவுயரத்தில் தொங்குவனபோல் நின்றன. அவற்றில் ஓடிவரும் ஓடைகளுக்குக் கீழே இறங்க வழியேது? குதிப்பதொன்றே வழி. நுழைகழியின் இருமருங்கும் காணப்படும் அருவிகள் பல இவ்வாறு பிறந்தவையே. இதனை முன்னரே அறிந்துகொண்டு படகில் நிற்பவருக்கு, ஒவ்வோர் அருவியும் பழைய பனிக்கட்டியின் உயரத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு விரலாகத் தோன்றும்.

இனி, எப்போது செல்வது? ஒஸ்லோவும் பேர்கனும் 60 பாகை வட அகலக்கோட்டை ஒட்டிக் கிடக்கின்றன. ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குப் பழகிய நமக்கு, அங்குள்ள கணக்கு மயக்கந் தரும். யூன் மாத நடுப்பகுதிக்குப் பின் அங்கே பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். டிசெம்பரில் 6 மணி நேரமே. குறுகிய பயணம் செல்பவருக்கு இது பெரிய பேறு. யூனிற் செல்பவர் ஒன்பது நாளில் பதினான்கு நாட் பகலைப் பெறுகின்றார். ஆனால் நள்ளிரவுச் சூரியனை இந்நகரங்களிற் காணலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். அதற்கு ஆர்ட்டிக் வட்டத்துக்கு அப்பாற் செல்லவேண்டும். அது வேறொரு பயணம்.

என் தேர்வு மே மாதக் கடைசி வாரமும் யூன் மாதத்தின் முதல் மூன்று வாரங்களுமே. மலைமேலுள்ள பனி அப்போதுதான் உருகுவதால் அருவிகள் நிறைந்து விழும். யூலை, ஆகஸ்ட் மாதக் கூட்டமும் இராது. விடுமுறை நாள்களை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மே 17 நோர்வேயின் தேசியத் திருநாள். 1814ஆம் ஆண்டு அரசியற் சாசனத்தை நினைந்து அன்று ஒஸ்லோ முழுவதும் வீதியில் நிற்கும். காண்பதற்கு இனிய நாள். கடைகளை நம்பிச் செல்வதற்கு உகந்த நாளன்று. சுவீடனிலோ யூன் 19க்கும் 25க்கும் இடையில் வரும் வெள்ளிக்கிழமை கோடைப் பெருவிழாவின் முதல்நாள். அன்று ஸ்டொக்ஹோம் மக்கள் நாட்டுப்புறம் சென்றுவிட, நகரம் வெறிச்சோடிக் கிடக்கும். நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமைகளிற் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

இப்போது வழியைப் பார்ப்போம். நம் நாட்டிலிருந்து செல்வோர் பெரும்பாலும் வளைகுடா நகரமொன்றில் விமானம் மாறியே செல்கின்றனர். போகும்போது கோப்பன்ஹேகனில் இறங்கவும், திரும்பும்போது பேர்கனில் ஏறவும் கூடியதாகப் பயணச்சீட்டை வாங்குங்கள். சென்ற வழியே திரும்பாமையால் ஒருநாள் முழுவதும் மிஞ்சும்.

முதலிரண்டு இரவுகள் கோப்பன்ஹேகனில். அந்நகரைக் கால்நடையாகவே பார்க்கலாம். 1843இல் திறக்கப்பட்ட திவோலிப் பூங்கா நகரின் நடுவே, தலைமைப் புகையிரத நிலையத்துக்கு எதிரிலேயே உள்ளது. நீஹவ்ன் என்னும் கால்வாய்க் கரையில் வண்ண வண்ண வீடுகள் வரிசையாக நிற்கும். கதையாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன் வெவ்வேறு காலங்களில் அவற்றுள் மூன்று வீடுகளில் வாழ்ந்தவர். அவருடைய கதையிலிருந்து பிறந்த கடற்கன்னியின் சிலை, 1913 முதல் துறைமுகப் பாறையொன்றில் அமர்ந்திருக்கிறது. அதைக் காணச் செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்க: அச்சிலை ஒன்றேகால் மீற்றர் உயரமே உடையது. பெரிதாக எதிர்பார்த்துச் சென்று முகம் வாடித் திரும்புவோர் பலர்.

எனக்கு அந்நகரிற் பிடித்தது 1642இற் கட்டி முடிக்கப்பட்ட வட்டக் கோபுரம். அதன் உள்ளே உச்சியை அணுகும் வரை படிக்கட்டு இல்லை. சுற்றிச் சுற்றி ஏறும் சாய்தளமே உண்டு. முழங்கால் நோவுடைய என் மனைவியும் அதில் எளிதாக ஏறினார். அதைக் கட்டுவித்தவன் நான்காம் கிறிஸ்ரியன் என்னும் மன்னன். இவனுக்கும் நமக்கும் ஒரு தொடர்புண்டு. 1618இல் இவன் அனுப்பிய கப்பல்கள் 1620இல் இலங்கையை அடைந்து திருகோணமலையில் நங்கூரமிட்டன. கண்டியரசன் செனரத்தோடு அவர்கள் பேசிய உடன்படிக்கை பயன் தரவில்லை. ஆனால் அதே ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னன் இரகுநாதனிடம் இசைவு பெற்றுத் தரங்கம்பாடியிற் குடியேறினர். அங்கே அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் நிற்கிறது. 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் செல்லும் வரை டேனியக் கொடி அங்கே பறந்தது. இந்த மன்னனை ஒஸ்லோவில் மறுபடியும் சந்திப்போம்.

இரண்டாம் நாளில் அரைநாளை ரொஸ்கில்டவுக்குக் கொடுக்கலாம். புகையிரதத்தில் அரைமணி நேரத்துக்கு உட்பட்ட வழி. பதினொராம் நூற்றாண்டிற் பகைவர் கப்பல்கள் உள்ளே வாராதவாறு நீர்வழியை அடைப்பதற்காக அவ்வூரார் தங்கள் பழைய கப்பல்களில் ஐந்தைத் தாமே மூழ்கடித்தனர். 1962இல் அவை மீட்கப்பட்டன. அவற்றின் பொருட்டே அங்கே வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம் அமைந்தது. ஒஸ்லோவிலிருந்த புகழ்பெற்ற வைக்கிங் கப்பற் காட்சிசாலை, புதுக் கட்டடம் எழுப்புவதற்காக 2022இல் மூடப்பட்டது. அது திறந்துவிட்டதா என்று புறப்படுமுன் விசாரித்துக்கொண்டு, அதற்கேற்ப ரொஸ்கில்டவைச் சேர்க்கவோ விடவோ செய்யலாம். அவ்வூர் நீர்நிலைக்கும் பியோர்ட் என்றே பெயர். ஆனால் அது தாழ்ந்த வயல்களுக்கிடையே கிடக்கும் ஆழமற்ற நீர்; மேற்கு நோர்வேயில் நாம் காணப்போவதற்கும் அதற்கும் பெயரொன்றே பொது.

மூன்றாம் நாள் பிற்பகல் கோப்பன்ஹேகனிற் கப்பலேறினால் மறுநாட் காலை ஒஸ்லோவில் இறங்கலாம். விமானத்தில் இத்தூரம் ஒரு மணி நேரப் பயணமே. ஆயினும் விமானநிலையத்துக்குப் போவதும் வருவதும் காத்திருப்பதுமாக அரைநாள் பகலிற் கழிந்துவிடும். கப்பலோ இரவை எடுத்துக்கொண்டு பகலை நமக்கு விட்டுவிடுகிறது. ஒருநாள் விடுதிச் செலவும் குறையும். காலையில் நேரத்தோடு எழுந்து மேற்றளத்துக்கு வாருங்கள். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளமான ஒஸ்லோ நுழைகழியிற் கப்பல் தீவுகளுக்கிடையே செல்லும். அழகிய நீர்வழிதான். எனினும் அது பெரும்பாலும் மிகப் பழங்காலத்தில் நிலம் பிளந்து தாழ்ந்ததால் உண்டான பள்ளம். தாழ்ந்த கரைகளையுடைய அதனைக் கண்டு, நுழைகழி என்பது இவ்வளவுதானா என்று ஏமாறவேண்டாம்.

ஒஸ்லோவுக்கு ஒரு பகலும் ஓர் இரவும். போதாதுதான், ஆனால் அந்நகரில் உறவினர் உள்ள நேயர்கள் பலர் இருப்பர். இலங்கைத் தமிழர் பெருந்தொகையினர் நோர்வேயிற் குடியேறி வாழ்கின்றனரல்லவா? அவர்கள் விருந்தோம்பலில் நாள்கள் தாமே நீளும். அந்நாள்களை இந்த ஒன்பதுக்குள் கணக்கிடாமல் தனியே வைத்துக்கொள்வது நன்று.

1624இல் பழைய ஒஸ்லோ தீக்கிரையானபோது, முன்சொன்ன நான்காம் கிறிஸ்ரியன், நகரை அக்கெர்ஷுஸ் கோட்டையின் நிழலிற் புதிதாக அமைத்து, கிறிஸ்ரியானியா எனத் தன் பெயரையே இட்டான். தரங்கம்பாடியிற் கோட்டை கட்டுவித்தவனும் இவனே என்பதை நினைத்துக்கொண்டு அவ்வீதிகளில் நடப்பது ஒரு தனிச் சுவை. 1925இல் நோர்வேயர் பழம்பெயரை மீட்டுக்கொண்டனர்.

ஒரே பகலில் ஒஸ்லோவில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பிராம் என்னும் கப்பல். 1893 முதல் 1896 வரை நடந்த நான்சனின் பயணத்தில் வட சமுத்திரப் பனியிற் சிக்குண்டு மிதந்தது இதுவே. அமுண்ட்சன் தென்துருவத்தை அடைந்த பயணத்தில், 1910இல் அண்டார்ட்டிக்காவை நோக்கிப் புறப்பட்டதும் இதிலேதான். பனிக்கட்டி நெருக்கும்போது நொறுங்காமல் மேலே வழுக்கி எழும்பும்படி அதன் அடிப்பாகம் உருண்டையாக அமைக்கப்பட்டது. அக்கப்பலினுள் இறங்கி மாலுமிகளின் அறைகளையும் காணலாம். மற்றையது, சிற்பி வீகலாண்டின் பூங்கா. இருநூற்றுக்கு மேற்பட்ட சிற்பங்கள் வெட்டவெளியில் நிற்கின்றன. நடுவிலுள்ள ஒற்றைக் கற்றூணில் மட்டும் 121 மனித உருவங்கள் பின்னிக் கிடக்கின்றன. கட்டணமில்லை, கதவும் பூட்டுவதில்லை. கோடைகாலத்தில் இரவு ஒன்பது மணி வெளிச்சத்திற் காண்பது சிறப்பு.

ஐந்தாம் நாட் காலை பேர்கன் செல்லும் புகையிரதத்தில் ஏறவேண்டும். 1909இல் திறக்கப்பட்ட இப்பாதை, வயல்களையும் ஏரிகளையும் பைன் காடுகளையும் கடந்து படிப்படியாக ஏறி, மரமே முளையாத மேட்டுநிலத்தை அடைகிறது. பின்சே என்னும் நிலையம் 1,222 மீற்றர் உயரத்திலுள்ளது. நமது பட்டிப்பொல நிலையம் இதனினும் உயர்ந்தது. ஆயினும் பட்டிப்பொலவிற் பச்சைப் புல்லைக் காண்கிறோம். பின்சேயில் யூன் மாதத்திலும் பனித்திட்டுகளைக் காண்கிறோம். அகலக்கோடு செய்யும் வேறுபாடு அது. புகையிரதச் சீட்டைப் பல வாரங்களுக்கு முன்னரே வாங்குவோர்க்கு விலை பெரிதும் குறையும். கடைசி நேரத்தில் வாங்குவோர் வருந்துவர்.

மீர்டால் என்னும் மலைநிலையத்தில் இறங்கி, புளோம் செல்லும் கிளைப்பாதை வண்டிக்கு மாறவேண்டும். 1940இற் திறக்கப்பட்ட இக்கிளைப்பாதையின் நீளம் 20 கிலோமீற்றரே. அதற்குள் வண்டி 867 மீற்றர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. பல இடங்களில் 18 அடிக்கு ஓரடிச் சரிவு. பற்சக்கரத்தின் உதவியும் இல்லை. 20 சுரங்கங்களுள் 18 சுரங்கங்களைக் கையாலேயே குடைந்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். இடையே பாதையோரத்துப் பேரருவியொன்றின் அருகே, பயணிகள் இறங்கிப் பார்ப்பதற்காகவே வண்டி சிறிது நேரம் நிற்கும்.

புளோம் சில நூறு பேரே வாழும் சிற்றூர். கோடைகாலத்தில் நண்பகலில் அங்கே சென்றால் திருவிழாக் கூட்டத்தைக் காணலாம். அவ்வூரினும் பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும். மாலையிற் கப்பல்கள் போய்விடும். ஒருநாட் பயணிகளும் கடைசி வண்டியேறிச் சென்றுவிடுவர். அதன்பின் ஆற்றொலியும் ஆட்டுக்கழுத்து மணியோசையுமே எஞ்சும். வெளிச்சம் இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கும். இந்த மாலைக்காகத்தான் அங்கே இரவு தங்கச் சொல்கிறேன். விடுதி அறைகள் மிகக் குறைவு. ஆதலின் முழுப் பயணத்திலும் முதன்முதற் பதிவுசெய்ய வேண்டியது இதுவே. அங்கே இடமில்லையெனிற் சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள அவுர்லாண்டிற் பாருங்கள். புளோமில் அறை கிடைக்கும் நாள்களைக் கொண்டே விமானச்சீட்டின் நாளைத் தீர்மானித்தாலும் தவறில்லை.

ஆறாம் நாள் வெறும் நாள். வெறும் நாள் என்றால் வீண்நாள் என்பதன்று. வானம் தெளிந்திருந்தால் ஸ்டேகஸ்டைன் என்னும் காட்சித்தளத்துக்குச் செல்லுங்கள். அவுர்லாண்ட் நுழைகழிக்கு 650 மீற்றர் மேலே, மலைவிளிம்பிலிருந்து வெற்றுவெளியில் 30 மீற்றர் நீட்டிக் கட்டப்பட்ட பாலம் அது. நடக்க வல்லவர் பள்ளத்தாக்கில் மேல்நோக்கி நடக்கலாம். ஆட்டுப்பாற் கட்டிக்குப் பெயர்பெற்ற உண்ட்ரெடால் என்னும் சிற்றூருக்கும் போய்வரலாம்.

ஏழாம் நாள் புளோமிலிருந்து குட்வாங்கனுக்குப் படகு. இரண்டு மணி நேரம். முதலில் அவுர்லாண்ட் நுழைகழி, பிறகு இடப்புறம் திரும்பி நேரொய் நுழைகழி. 2005இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட இந்நுழைகழி, மிக ஒடுங்கிய இடத்தில் 250 மீற்றர் அகலமே உடையது. இருபுறமும் ஆயிரம் மீற்றருக்கு மேலெழும் மலைகள். மலைச்சுவரிலுள்ள சிறு திட்டுகளில் ஒரு காலத்தில் மக்கள் பண்ணை வைத்து வாழ்ந்தனர். அவற்றுள் ஒன்றன் பெயர் ஸ்டீகன். ஏணி என்பது பொருள். வரி தண்டுவோர் வரும் நாளில் அப்பண்ணையார் ஏணியை மேலே இழுத்துக்கொள்வர் என்று கதை சொல்வர். மெய்யோ பொய்யோ, அந்தச் சுவரைப் பார்த்தபின் நம்பவே தோன்றுகிறது. இங்கே ஓடும் படகுகளுள் 2018இற் சேவைக்கு வந்த ஒன்று முழுவதும் மின்கலத்தால் இயங்குவது. இயந்திர இரைச்சல் இல்லாமையால் அருவியின் ஓசை காதில் விழும். முடியுமானால் அதிலேயே இடம் பெறுங்கள்.

குட்வாங்கனிலிருந்து வொஸ் வரை பஸ்வண்டியில் ஒரு மணி. அங்கிருந்து புகையிரதத்திற் பேர்கன் ஒன்றேகால் மணி. பேர்கனில் இரண்டு இரவுகள். அங்கு மழை சராசரியாக ஆண்டுக்கு 2,200 மில்லிமீற்றருக்கு மேல். ஆகவே குடையை விட மழைச்சட்டை மேல். துறைமுகக் கரையிலுள்ள பிரிக்கன் என்னும் மரவீடுகளின் வரிசை 1979 முதல் உலக மரபுரிமைச் சொத்து. ஜெர்மன் நாட்டு ஹன்சா வணிகர் 1360ஆம் ஆண்டளவிலிருந்து ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் இங்கிருந்து வாணிகம் நடத்தினர். வடக்கே உப்பிடாது குளிர்காற்றில் உலர்த்திய மீனை வாங்கி, தானியத்தைக் கொடுத்தனர். தீக்கு அஞ்சி அவ்வீடுகளில் அடுப்பு மூட்டுவதில்லை. குளிர்காலத்திற் பொதுமண்டபத்தில் மட்டுமே நெருப்பு. அவ்வளவு அஞ்சியும் 1702இல் எல்லாம் எரிந்தன. இப்போது நிற்பவை பழைய முறையில் மீளக் கட்டியவை. அவற்றுக்கிடையேயுள்ள ஒடுங்கிய மரப்பாதைகளில் நடந்து பார்க்கவேண்டும். முகப்பை மட்டும் படமெடுத்துப் போவோர் பாதியையே காண்கின்றனர். மாலையில் 1918 முதல் இயங்கும் கம்பியிழுவை வண்டியில் புளோயன் மலைமேல் 320 மீற்றர் உயரம் வரை செல்லலாம்.

ஒன்பதாம் நாள் பேர்கனில் விமானம்.

சில்லறைச் செய்திகள் சில. வீசாவைப் பொறுத்தவரை, மூன்று நாடுகளும் 2001 முதல் ஷெங்கன் ஒப்பந்தத்துள் இயங்குவதால் ஒரே வீசா போதும். எந்த நாட்டில் மிகுதியான நாள் தங்குகிறோமோ அந்நாட்டிடமே விண்ணப்பிக்கவேண்டும். முதலிற் காலடி வைப்பது டென்மார்க் ஆயினும், இத்திட்டப்படி விண்ணப்பிக்க வேண்டியது நோர்வேக்கு. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம். மூன்று நாட்டு நாணயமும் குரோனர் என்றே ஒலித்தாலும் மூன்றும் வெவ்வேறு. ஒன்று மற்றொரு நாட்டிற் செல்லாது. எங்கும் வங்கி அட்டையே பெருவழக்கு. ஆகையாற் பணத்தாளை மிகுதியாக மாற்றவேண்டாம்.

உணவு விலை, சிறப்பாக நோர்வேயில், நம்மைத் திடுக்கிடச் செய்யும். விடுதியில் காலையுணவு சேர்ந்த அறையைத் தெரிந்து, நன்றாக உண்டு, பகலுக்குக் கடையிற் பாணும் பழமும் வாங்கிக்கொள்வோம் என்றால் செலவு பாதியாகும். குழாய் நீர் குடிக்க உகந்தது. தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கொடுக்கவேண்டாம். சைவ உணவினர் பட்டினி கிடக்க நேராது. ஆனால் சிற்றூர்களிற் தெரிவு குறைவு. வீட்டிலிருந்து கொண்டுசெல்லும் பொதியில் இறைச்சியோ பால் சேர்ந்த பண்டமோ இருத்தலாகாது, அவற்றுக்குத் தடையுண்டு. கோடைகாலமாயினும் படகின் மேற்றளத்தில் காற்று ஊசிபோற் குத்தும். கனத்த கோட்டு ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியத்தக்க மெல்லிய கம்பளியாடைகள் இரண்டும், காற்றும் நீரும் புகாத மேலாடை ஒன்றும் போதும்.

இவற்றையெல்லாம் கேட்ட அன்பர், பென்சிலை எடுத்து ஹெல்சிங்கியை உடனே அடித்துவிட்டார். ஸ்டொக்ஹோமை அடிக்க மனம் வரவில்லை. அவர் தயக்கம் எனக்கு விளங்கும். 1628 ஓகஸ்ட் 10ஆம் நாள் கன்னிப் பயணத்தில் ஏறத்தாழ 1,300 மீற்றர் மட்டுமே சென்று கவிழ்ந்து, 333 ஆண்டுகள் கடலடியிற் கிடந்து, 1961இல் மேலே எடுக்கப்பட்ட வாசா என்னும் போர்க்கப்பல் அங்கேதான் இருக்கிறது. அதைப்போல் முழுமையாக எஞ்சிய பதினேழாம் நூற்றாண்டுக் கப்பலை வேறெங்கும் காண்பதரிது. ஆனால் ஸ்டொக்ஹோமிலிருந்து ஒஸ்லோவுக்குப் புகையிரதத்தில் ஐந்தாறு மணி நேரம். விடுமுறை பன்னிரண்டு நாளானால் ஸ்டொக்ஹோமையும் சேருங்கள். ஒன்பதே நாளெனில் கோப்பன்ஹேகனா ஸ்டொக்ஹோமா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்றேன்.

“நுழைகழியிலே இரண்டு நாளும் மழை பெய்தால் என்ன செய்வது?” என்று கேட்டார்.

என் இரண்டாம் பயணத்தைச் சொன்னேன். ஒஸ்லோவில் மருமகனொருவனின் திருமணத்துக்குச் சென்ற ஆண்டு அது. திருமணம் முடிந்ததும் நானும் மனைவியும் புளோமில் இரண்டு இரவு தங்கினோம். முதலிரவும் அடுத்த பகலும் விடாத மழை. அறைச் சாளரத்தருகே அமர்ந்து கடலையும் மேகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம். பழைய வெண்மை மறுபடியும் வந்துவிட்டதென்று மனைவி சொன்னார். மாலை ஏழு மணியளவில் மழை ஓய்ந்தது. எட்டு மணிக்கு மூடுபனி சுருள் சுருளாக எழுந்தது. எதிர்மலையில் முதல்நாள் நாங்கள் எண்ணியிருந்த அருவிகள் மூன்று. இப்போது மழைநீரால் பிறந்த புதிய அருவிகள், மெல்லிய வெள்ளை நூல்கள்போல், மலையுச்சி முழுவதிலிருந்தும் இறங்கிக்கொண்டிருந்தன. மனைவி எண்ணத் தொடங்கினார். நாற்பது வரை எண்ணி, எண்ணிக்கை தவறி, மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார். மறுநாட் காலைப் படகுக்கு இன்னும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது. எங்கும் விரைந்து ஓடவேண்டியிருக்கவில்லை.